சொடுக்கினால் சரி, நகலெடுத்தால் தவறு: ஒரு & குறியால் நாங்கள் இழந்த சீசன்

2024ஆம் ஆண்டு மே 4ஆம் தேதி சனிக்கிழமை மாலை, மதுரையிலிருந்து ஏழு பேருடன் வந்த வேன் ஒன்று கோத்தகிரிக்கு அருகே உள்ள எங்கள் விடுதி வாசலில் நின்றது. இறங்கிய பெரியவர் முன்பணமாக 9,000 ரூபாய் செலுத்தியதற்கான குறுஞ்செய்தியைக் காட்டி, மேல் வீட்டின் சாவியைக் கேட்டார். அன்று காலையிலேயே மேல் வீட்டை ஈரோட்டிலிருந்து வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தோம். எங்கள் நாள்காட்டியில் அந்த நாள் காலியாகத்தான் இருந்தது. பெரியவரின் பெயரைத் தேடிப் பார்த்தால், பெயர் இருந்தது, பணம் வந்த பதிவு இருந்தது, தங்கும் நாள் என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. தேயிலைத் தோட்டத்தின் மேல் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், கைக்குழந்தையோடு நின்ற அந்தக் குடும்பத்தின் முகங்களைப் பார்த்து நான் பட்ட வேதனையை இன்றும் மறக்க முடியவில்லை. "ஏம்மா, பணத்தை வாங்கிக்கிட்டு இப்படிச் செய்யலாமா?" என்று அவர் கோபப்படாமல் கேட்டதுதான் என்னை மிகவும் வருத்தியது.

அடுத்த எட்டு நாள்களில் இதே நிலை இன்னும் இரண்டு குடும்பங்களுக்கு நேர்ந்தது. மூவருக்கும் முன்பணம் தலா 9,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். சீசன் நேரத்தில் கோத்தகிரியில் வேறு இடம் பிடித்துக் கொடுத்து, அந்தக் கூடுதல் வாடகையாக 11,200 ரூபாயை நாங்களே ஏற்றோம். மே 7 முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் கட்டாயமாகிவிட்டதால், பின்னால் வந்த இரு குடும்பங்களிடம் "அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்லவும் வழியில்லை. அவர்களுடைய அனுமதி குறிப்பிட்ட நாள்களுக்கு உரியது.

இந்த முன்பதிவுப் பக்கத்தை எழுதியவள் நான்தான். நான் படித்தது வணிகவியல். திருமணத்திற்குப் பின் விடுதியின் கணக்கைப் பார்த்துக்கொண்டே சர்வரில் இயங்கும் பிஎச்பி நிரல் மொழியையும், வலைப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லையும் சொந்த முயற்சியில் கற்று, இரண்டு ஆண்டுகளாக அந்தத் தளத்தை நடத்தி வந்தேன். தவறு எங்கே என்று சொல்ல அருகில் ஒருவரும் இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். சிறிய கடைக்கோ விடுதிக்கோ தாமே தளம் அமைத்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர் என்னைப் போலத் தனியாக இருக்கிறார்கள்.

பக்கம் இயங்கிய விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விருந்தினர் படிவத்தை நிரப்பியதும் இறுதிப் பக்கத்தில் ஓர் உறுதிப்படுத்தும் இணைப்பு தோன்றும். அதைத் திறந்தால் பணம் செலுத்தும் பக்கம் வரும். இணைப்பின் கேள்விக்குறிக்குப் பின்னால் அறை, நாள், எந்தக் கட்டடம், எந்த நாணயம் என்ற விவரங்கள் & குறியால் பிரிக்கப்பட்டு வரிசையாக இருக்கும். கடைப் பெயர்ப் பலகைகளில் 'சன்ஸ்' என்ற சொல்லுக்கு முன்னால் வருமே, அந்த ஆம்பர்சாண்ட் குறிதான் இது. கட்டடத்துக்குரிய அளவுருவுக்கு (இணைப்பில் ஒரு விவரத்தைச் சுமக்கும் பெயருக்கு) ஆங்கில எழுத்துகளில் 'செக்ஷன்' என்றும், நாணயத்துக்குரியதற்குக் 'கரன்சி' என்றும் பெயரிட்டிருந்தேன். தமிழில் எழுதிக் காட்டினால் இணைப்பின் வால் இப்படி இருக்கும்: ?அறை=3&நாள்=2024-05-04&செக்ஷன்=2&கரன்சி=ரூபாய். இந்த இணைப்பைச் சொடுக்கும் பொத்தானாக வைத்ததோடு, அதன் கீழே முழு முகவரியையும் எழுத்தாகக் காட்டியிருந்தேன். பல குடும்பங்களில் படிவத்தை நிரப்புவது மகனோ மகளோ. பணம் செலுத்துவது ஊரில் இருக்கும் தந்தை. அவருக்கு நகலெடுத்து அனுப்ப வசதியாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன்.

நான் சோதித்தபோதெல்லாம் பொத்தானைச் சொடுக்கினேன். எல்லாம் சரியாக நடந்தது. மதுரைக் குடும்பத்தின் மகன் கீழே இருந்த எழுத்தை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் தந்தைக்கு அனுப்பியிருக்கிறார். அவர் அதை உலாவியில் ஒட்டித் திறந்திருக்கிறார். அந்தச் செய்தியை எனக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிப் பார்த்தபோதுதான் நான் கண்டேன்: நாளுக்குப் பின்னால் & குறி இல்லை. 'செக்ஷன்' என்ற சொல்லின் முன்பகுதி மறைந்து, அங்கே சட்ட நூல்களில் பிரிவைக் குறிக்கும் § என்ற குறி நின்றது. 'கரன்சி'யின் முன்பகுதியும் மறைந்து, ¤ என்ற விசித்திரக் குறியும் கடைசி இரண்டு எழுத்துகளும் மட்டும் எஞ்சியிருந்தன. பிரிக்கும் குறி போய்விட்டதால் சர்வரைப் பொறுத்தவரை 2024-05-04 என்ற நாளும் அதைத் தொடர்ந்த குப்பையும் சேர்ந்து ஒரே மதிப்பு. அது செல்லாத நாள் என்பதால் என் நிரல் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டது. பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டது.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. எச்டிஎம்எல்லில் & என்பது சாதாரண எழுத்து அன்று; ஒரு சிறப்புக் குறியின் பெயர் இதோ தொடங்குகிறது என்று உலாவிக்கு அறிவிக்கும் அடையாளம் அது. பெயர் முடிந்ததும் அரைப்புள்ளி வர வேண்டும். இப்படிப் பெயரிடப்பட்ட குறிகள் 2,200க்கும் மேல் உள்ளன. ஆனால் பழைய காலத்துப் பக்கங்கள் அரைப்புள்ளி இல்லாமலேயே எழுதப்பட்டிருந்ததால், நூற்றுச் சொச்சம் பெயர்களை மட்டும் அரைப்புள்ளி இல்லாவிட்டாலும் உலாவி ஏற்றுக்கொள்கிறது. § குறியின் பெயர் ஆங்கில எழுத்துக்கூட்டில் 'செக்ஷன்' என்பதன் முதல் நான்கு எழுத்துகள். ¤ குறியின் பெயர் 'கரன்சி'யின் முதல் ஆறு எழுத்துகள். இரண்டுமே அந்தப் பழைய பட்டியலில் இருப்பவை. 'ரீஜன்' என்று பெயர் வைத்தால் ® வரும். 'டைம்ஸ்டாம்ப்' என்று வைத்தால் பெருக்கல் குறி × வரும். 'நோட்டிஃபை' என்று வைத்தால் ¬ வரும். 'காப்பி' என்று வைத்தால் © வரும். தளம் எழுதும் எவரும் தயங்காமல் வைக்கக்கூடிய பெயர்கள் இவை.

பொத்தான் மட்டும் ஏன் சரியாக இயங்கியது என்பது இன்னொரு விதி. இணைப்பு செல்ல வேண்டிய முகவரியைத் தாங்கும் எச்ரெஃப் போன்ற பண்புகளின் மதிப்புக்குள், அரைப்புள்ளி இல்லாத பெயரை அடுத்து எழுத்தோ எண்ணோ சமக்குறியோ வந்தால், பழைய தளங்களின் இணைப்புகள் உடையக் கூடாது என்பதற்காக உலாவி அதை மாற்றாமல் விட்டுவிடுகிறது. பக்கத்தின் உடலில் வரும் எழுத்துக்கு இந்தச் சலுகை இல்லை. ஆகவே ஒரே முகவரி பொத்தானுக்குள் பிழைத்தது, கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் சிதைந்தது. பண்புக்குள்ளும் இந்தச் சலுகையை நம்பிவிட முடியாது. அந்தப் பெயர் இணைப்பின் கடைசியில் வந்தாலோ, அதை அடுத்து இன்னொரு & வந்தாலோ, அங்கேயும் அது குறியாக மாறிவிடும். இணைப்புகளைச் சோதிப்பவர்கள் சொடுக்கிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், தெரியும் எழுத்தை நகலெடுத்து வேறொரு கைபேசியில் ஒட்டியும் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இதைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே, பதற்றத்தில் கோயம்புத்தூரில் தளம் பழுது பார்ப்பவர் ஒருவருக்கு 7,500 ரூபாய் கொடுத்திருந்தேன். அவர் காரணத்தைச் சரியாகவே ஊகித்தார். ஆனால் கோப்புகளிலும் தரவுத்தளத்திலும் இருந்த எல்லா & குறிகளையும் ஒரே வீச்சில் தேடி, ஏ-எம்-பி என்ற மூன்று எழுத்தும் அரைப்புள்ளியும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிட்டார். எச்டிஎம்எல்லில் & குறியை & ஆகவே காட்டுவதற்குரிய பெயர் அதுதான்; எண்ணால் எழுதினால் &#38; என்று வரும். மருந்து சரியானது, கொடுத்த இடம்தான் தவறு. ஏற்கெனவே சரியாக இருந்த சில இடங்களில் அந்த & மறுபடியும் மாற்றப்பட்டு, &#38;#38; என்பதற்கு ஒப்பான இரட்டை உறை உண்டானது (இப்படி மாற்றி எழுதுவதைத்தான் உறை இடுவது என்கிறேன்). உலாவி ஓர் உறையை மட்டுமே பிரிக்கும். மிச்ச உறையோடு இணைப்பு சர்வருக்குப் போகும். பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இருக்கும் ஸ்கிரிப்ட் பகுதிக்குள் இருந்த & குறிகளுக்கு நேர்ந்தது இதைவிட மோசம். அந்தப் பகுதிக்குள் உலாவி இந்தப் பெயர்களைப் பிரிப்பதே இல்லை. 'வாட்ஸ்அப்பில் பகிர்' என்ற பொத்தான் அங்கிருந்துதான் இணைப்பை உருவாக்கியது. விளைவாக, 'செக்ஷன்' என்ற அளவுருவுக்குப் பதிலாக 'ஏஎம்பி;செக்ஷன்' என்று ஒன்று சர்வருக்கு வந்தது. மேல் வீடு கேட்டவர்களுக்கெல்லாம் கீழ் வீடு பதிவானது. இது தெரியவர மேலும் பதினொரு நாள்கள் ஆயின.

ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டது. மின்சாரம் போய்ப் போய் வரும் அந்த நாள்களில், விருந்தினர் குறைந்த நேரத்தில், முதலிலிருந்து நானே உட்கார்ந்து படித்தேன். எனக்குத் தெளிவு பிறந்தது ஒரு பார்சல் கட்டும்போதுதான். விருந்தினர்களுக்கு நீலகிரித் தைலம் அனுப்புவது உண்டு. முதலில் புட்டியின் மூடியை இறுக்கி மெழுகு வைப்போம்; அதன் பிறகே தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் இடுவோம். மூடி தைலத்தைக் காப்பதற்கு, பெட்டி புட்டியைக் காப்பதற்கு. இணைப்புக்கும் இப்படி இரண்டு காப்புகள் உண்டு. இரண்டும் வெவ்வேறு வேலைக்கானவை. ஒன்று முகவரிக்கே உரிய இலக்கணம். 2005இல் வெளிவந்த ஆர்எஃப்சி 3986 என்னும் ஆவணம் அதை வரையறுக்கிறது. அங்கே ஆபத்தான எழுத்துகளை விழுக்காட்டுக் குறியும் இரண்டு இலக்கங்களுமாக எழுத வேண்டும். இன்னொன்று அந்த முகவரி உட்கார்ந்திருக்கும் எச்டிஎம்எல் பக்கத்தின் இலக்கணம்; அங்கே &#38; போன்ற வடிவம் வேண்டும். பிரிக்கும்போது வரிசை தலைகீழாகும்: உலாவி முதலில் பக்கத்தின் உறையைப் பிரிக்கிறது, பின்னர் சர்வர் முகவரியின் உறையைப் பிரிக்கிறது. ஆகவே கட்டும்போது முதலில் ஒவ்வொரு மதிப்பையும் விழுக்காட்டு முறையில் மாற்றி, அவற்றை & குறியால் இணைத்து, முழு முகவரி உருவான பிறகு கடைசியில் ஒரே ஒரு முறை எச்டிஎம்எல் உறையை இட வேண்டும்.

இந்த வேறுபாட்டை எங்கள் அறையின் பெயரே எனக்குக் கற்பித்தது. ஒரு அறைக்குச் 'சில்வர் ஓக் & ஃபெர்ன்' என்று பெயர். அந்தப் பெயரை இணைப்பின் மதிப்பாக வைக்கும்போது & குறி பிரிக்கும் குறி அன்று; பெயரின் ஒரு பகுதி. அதற்கு &#38; என்று எழுதினால் போதாது. உலாவி அந்த உறையைப் பிரித்து & ஆக்கி அனுப்பும்; சர்வர் அதைப் பிரிப்பான் என்று எண்ணிப் பெயரை 'சில்வர் ஓக்' என்பதோடு வெட்டிவிடும். இங்கே தேவை %26. இடைவெளிக்கு %20. விருந்தினர்கள் கதவு எண்ணை #12 என்று எழுதுவார்கள். அந்த # குறியை %23 என்று மாற்றாவிட்டால், அதிலிருந்து தொடங்கும் பகுதி முழுவதும் பக்கத்துக்குள் ஓர் இடத்தைச் சுட்டுவதாகக் கருதப்பட்டு, சர்வருக்கு அனுப்பப்படவே மாட்டாது. இணைப்பில் வீட்டு முகவரிக்குப் பின்னால் கைபேசி எண் இருந்ததால் அதுவும் சேர்ந்து காணாமல் போயிருக்கிறது. கைபேசி எண்ணின் முன்னால் வரும் +91 இன்னொரு கண்ணி. படிவங்களின் மரபில் கூட்டல் குறிக்கு இடைவெளி என்று பொருள். எனவே சர்வரில் கூட்டல் போய் வெற்றிடமும் 91உம் நிற்கும். மாற்றியதையே மறுபடி மாற்றினால் விழுக்காட்டுக் குறியே %25 ஆகி, %20 என்பது %2520 ஆகிவிடும். உங்கள் இணைப்பில் %25 என்பதை அடுத்து எண்கள் தென்பட்டால் எங்கோ இரண்டு முறை மாற்றம் நடக்கிறது என்று உறுதியாகச் சந்தேகிக்கலாம்.

தமிழ் எழுத்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் இணைப்பில் மூன்று எழுத்துகளாக விரியும். கோத்தகிரி என்ற சொல்லில் ஒன்பது குறியீடுகள் இருப்பதால் அது 27 பைட்டுகளாகி, இணைப்பில் 81 எழுத்துகளை எடுத்துக்கொள்ளும். பார்வைக்குக் குப்பை போலத் தோன்றினாலும் அது முற்றிலும் சரியான வடிவம். அதை உடைந்த இணைப்பு என்று எண்ணிக் கையால் திருத்தப் போகாதீர்கள். நான் ஒரு முறை திருத்தி, ஒரு நாளை வீணாக்கினேன்.

இவற்றை நாமே எழுத்தெழுத்தாகச் செய்ய வேண்டியதில்லை, செய்யவும் கூடாது. பிஎச்பியில் மதிப்பை மாற்ற 'ரா யூஆர்எல் என்கோட்' என்ற செயற்கூறும், எல்லா மதிப்புகளையும் சேர்த்து இணைப்பாக்க 'எச்டிடிபி பில்ட் குவெரி' என்பதும் உள்ளன. பக்கத்தில் இடும் நேரத்தில் 'எச்டிஎம்எல் ஸ்பெஷல் சார்ஸ்' என்பதைப் பயன்படுத்த வேண்டும். பிஎச்பி 8.1க்கு முந்தைய பதிப்புகளில் இது ஒற்றை மேற்கோளை இயல்பாக மாற்றாது. எச்ரெஃப் மதிப்பை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதும் பழக்கம் உள்ளவர்கள் அதற்கான தெரிவைத் தனியாகக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பெயரில் ஓர் ஒற்றை மேற்கோள் வந்ததும் பண்பு பாதியில் முடிந்துவிடும். தீய எண்ணம் உள்ளவர் அந்தத் திறப்பில் தம் நிரலையே நுழைக்க முடியும் என்பதால், இது அழகுக்கான திருத்தம் மட்டுமன்று. ஜாவாஸ்கிரிப்ட்டில் மதிப்பை மாற்ற 'என்கோட் யூஆர்ஐ காம்போனன்ட்' என்பதைப் பயன்படுத்துங்கள். பெயரில் 'காம்போனன்ட்' இல்லாத அதன் உடன்பிறப்பு & குறியையும் # குறியையும் கூட்டல் குறியையும் தொடாமல் விட்டுவிடும். எனக்கு அது தெரியாமல் ஒரு மாலை முழுவதும் போனது.

தரவுத்தளத்தில் எதையும் உறை இட்டுச் சேமிக்காதீர்கள் என்பதை மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன். பழுது பார்த்தவர் தரவுத்தளத்திலும் கை வைத்ததால், எங்கள் விருந்தினர் பட்டியலில் 'அண்ட் சன்ஸ்' என்று முடியும் நிறுவனப் பெயர்களில் எல்லாம் தேவையற்ற எழுத்துகள் ஏறியிருந்தன. இரண்டு ஆண்டுப் பட்டியலை நானும் என் நாத்தனாரும் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த நான்கு இரவுகள் ஆயின. சேமிப்பது எப்போதும் உள்ளது உள்ளபடி. உறை இடுவது வெளியே அனுப்பும் வாசலில், அந்த வாசலுக்கு ஏற்றவாறு.

வாசலுக்கு ஏற்றவாறு என்று சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. காலி அறைகளின் பட்டியலை, கணினிகள் தமக்குள் தரவைப் பரிமாறும் எக்ஸ்எம்எல் வடிவில் ஒரு பயண முகவருக்கு ஒவ்வோர் இரவும் அனுப்பி வந்தோம். அந்தச் 'சில்வர் ஓக் & ஃபெர்ன்' பெயரை உறை இல்லாமல் அதில் சேர்த்த நாளிலிருந்து ஆறு நாள்கள் எங்கள் விடுதியே அவர்களுடைய பட்டியலில் இல்லை. எச்டிஎம்எல் படிக்கும் உலாவி பிழைகளைப் பொறுத்துக்கொண்டு ஊகிக்கும். எக்ஸ்எம்எல்லின் விதி அப்படி அன்று: ஒரே ஒரு வெறும் & இருந்தாலும் கோப்பைப் படிப்பவர் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். தேடுபொறிகளுக்குக் கொடுக்கும் தள வரைபடக் கோப்பும் எக்ஸ்எம்எல்தான். அளவுருக்கள் உள்ள இணைப்புகளை அதில் இடுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

இப்போது ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் நான் ஒரு பொய்யான விருந்தினரைப் பதிவு செய்கிறேன். அவர் பெயரில் &, இரட்டை மேற்கோள், ஒற்றை மேற்கோள், <, %, +, # எல்லாம் இருக்கும்; ஊர் தமிழில் இருக்கும். பொத்தானைச் சொடுக்கியும், எழுத்தை நகலெடுத்தும், மின்னஞ்சலில் வந்ததைத் திறந்தும் பார்த்து, மூன்று வழியிலும் தரவுத்தளத்தில் அதே பெயர் எழுத்துப் பிசகாமல் வந்ததா என்று ஒப்பிடுகிறேன். பக்கத்தைச் சோதிக்கும்போது உலாவியின் ஆய்வுக் கருவியை மட்டும் நம்பக் கூடாது. அது பிரித்துப் படித்து முடித்த பக்கத்தைக் காட்டுகிறது. 'பக்க மூலத்தைக் காண்க' என்பதில்தான் நாம் எழுதியது உள்ளபடி தெரியும். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் சரிபார்ப்பானில் பக்கத்தைக் கொடுத்துப் பார்ப்பதும் நல்லது. அரைப்புள்ளி விடுபட்ட இடத்தை அது சுட்டிக்காட்டும். என் பக்கத்தின் உடலில் இருந்த இரண்டு பிழைகளையும் அது ஒரு நிமிடத்தில் காட்டியது. ஆனால் பொத்தானுக்குள் இருந்த அதே முகவரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அங்கே விதி அதை அனுமதிக்கிறது. சரிபார்ப்பான் பேசாமல் இருந்தால் எல்லாம் நலம் என்று எண்ணிவிட வேண்டாம்.

இன்னொன்றையும் மாற்றினேன், என் கருத்தில் அதுவே எல்லாவற்றிலும் பெரிய திருத்தம். இணைப்பில் இத்தனை விவரங்களைச் சுமக்க வேண்டிய தேவையே இல்லை. இப்போது படிவம் நிரம்பியதும் விவரங்களைத் தரவுத்தளத்தில் வைத்துவிட்டு, ஊகிக்க முடியாத ஒரு நீண்ட எண்ணை மட்டும் இணைப்பில் அனுப்புகிறேன். & குறிக்கே அங்கு வேலை இல்லை.

ஆனால் பழைய இணைப்புகள் பல குடும்பங்களின் வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டன. அவற்றை என்னால் திரும்பப் பெற முடியாது. ஆகையால் சர்வரில் நான்கு வரிகள் எழுதினேன். நாளின் மதிப்புக்குள் § அல்லது ¤ இருந்தாலோ, அளவுருவின் பெயர் 'ஏஎம்பி;' என்று தொடங்கினாலோ, அதைப் பழைய நிலைக்குத் திருப்பிப் படிக்கவும், அப்படியும் நாள் செல்லாததாக இருந்தால் பணம் வாங்காமல் எங்கள் தொலைபேசி எண்ணைக் காட்டவும் செய்தேன். செல்லாத நாளைப் பேசாமல் வெறுமையாக விட்ட அந்தப் பழைய வரியை அன்றே அழித்துவிட்டேன். அக்டோபர் மாதம், பூஜை விடுமுறைக்கு வர விரும்பிய ஒருவர் சிதைந்த பழைய இணைப்பு ஒன்றைத் திறந்தார். அதில் இருந்த நாள் மே மாதத்திலேயே முடிந்துபோனதால் பக்கம் அவரிடம் பணம் கேட்கவில்லை. அவர் தொலைபேசியில் அழைத்தார், அறை கொடுத்தோம். அந்த நான்கு வரிகளை நான் இன்னும் நீக்கவில்லை.